மஞ்சள் துணிக்கு அந்தப் பக்கம்

அந்த வரியைப் படித்தபோது மிஷினில் ஒரு ஜாக்கெட்டின் கை பாதித் தையலில் இருந்தது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து இன்னொரு தடவை படித்தேன்.

"தார்ச்சாலையில் சுற்றிச் செல்ல வேண்டியதில்லை. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மஞ்சள் துணி கட்டப்பட்டுள்ள இடத்தில் தொடங்கும் பழைய பாதை வழியாகப் பக்தர்கள் எளிதாக நடந்து சென்று அம்மனைத் தரிசிக்கலாம்."

பிழையில்லாத, அழகான தமிழ். பக்கத்திலேயே படமும் இருந்தது. எங்கள் சித்திரைத் திருவிழாவில் கரகம் அந்தப் பாதையில் ஏறுகிற படம். இதை உடனே எடுத்தாக வேண்டும் என்று தோன்றியது.

காரணத்தைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். எங்களுக்கு மேலே குன்றின் உச்சியில் மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் போக ரோடு உண்டு, சுற்றுவழிதான், ஆனால் பயமில்லாத வழி. ஓக் மரங்களுக்கு நடுவில் நேராக ஏறுகிற பழைய பாதை யானை வழி. யானை என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே விரல் கூசுகிறது. எங்கள் லைனில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பெரியவர் என்போம். அதையும் மெதுவாகத்தான் சொல்வோம். அந்தப் பாதை வாசலில் நின்றுகொண்டு அதுவும் சொல்ல மாட்டோம். பேசினால் வந்து நிற்பார் என்பது எங்கள் நம்பிக்கை. படித்தவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் அந்தப் பாதையில்தான் போனார், திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

திருவிழா அன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பாதை எங்களுக்கு. காலையில் பூசாரி வாசலில் தேங்காய் உடைத்து, "இன்னைக்கு ஒரு பொழுது விட்டுக்குடு சாமி" என்று கேட்பார். தப்புமேளம் அடித்து, வெடி வெடித்து, லைனே திரண்டு கரகத்தோடு ஏறும். இறங்கி வந்ததும் இரண்டு மரத்துக்கும் குறுக்கே மஞ்சள் துணியைக் கட்டிவிடுவோம். வழி அடைத்தாகிவிட்டது, இனி அடுத்த சித்திரை வரைக்கும் அது பெரியவருடையது என்று அதற்கு அர்த்தம். எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூட அந்தத் துணியைத் தாண்டாது. வெளியூர்க்காரருக்கு மஞ்சள் துணி என்றால் மங்கலம். அவர் அதை வாசல் தோரணம் என்று நினைத்து எழுதிவிட்டார்.

எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். அதாவது முகம் தெரியாது. நான் பத்தாவதுவரை படித்தவள். முழங்கால் போனபிறகு கொழுந்து எடுக்கப் போவதை விட்டுவிட்டு வீட்டில் தைக்கிறேன். கூடலூர் நூலகத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம், அதில் உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது அம்மன்தான். பூசை நேரம், பொங்கல் வைக்கும் நாள், ரோட்டுவழி என்று நாலு வரி எழுதினேன். அதை அம்மனுக்கு ஒரு விளக்கு வைத்த மாதிரி நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஒருவர் வந்து என் பிழைகளை எல்லாம் திருத்தினார். நான் விட்ட ஒற்றுகளைப் போட்டார், தலைப்பு பிரித்தார். கோயமுத்தூர்க்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்துப் பக்கம் எழுதுகிறவர் என்று அவருடைய அறிமுகத்தில் இருந்தது. என்ன எழுதினாலும் "அன்பரே" என்று ஆரம்பிப்பார். அதனால் வீட்டில் எங்களுக்கு அவர் பேரே அன்பர். "இன்னைக்கு அன்பர் என்ன போட்டாரு?" என்று என் வீட்டுக்காரர் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் கேட்பார். அந்த அன்பர்தான் திருவிழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறார். தப்புச் சத்தத்தில், வெடிச் சத்தத்தில், ஐந்நூறு பேருக்கு நடுவில் நடந்திருக்கிறார். அருமையான வழி என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

நான் அந்த வரியை எடுத்தேன். எடுக்கும்போது காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம் வரும். என்ன எழுதுவது? அதுவும் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்திருந்தேன். "இந்த வழி வேண்டாம்" என்று மட்டும் எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு அது போதும்.

மறுநாள் வரி திரும்ப இருந்தது. "அன்பரே, தவறுதலாக நீங்கிவிட்டது போலும், மீட்டுவிட்டேன்" என்று குறிப்பு. நான் திரும்ப எடுத்து, "வேண்டாங்க" என்று எழுதினேன். அவர் திரும்பப் போட்டார். இந்த முறை முதியவர்களுக்கு உதவியாகப் பாதையின் தொடக்கத்தை இன்னொரு படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். அந்த அம்புக்குறி மஞ்சள் துணிக்கு அந்தப் பக்கம் நீண்டுபோனது. மூன்றாம் தடவை நான் எடுத்து, அவர் திரும்பப் போட்டதும் நிர்வாகி ஒருவரிடமிருந்து அறிவிப்பு வந்தது. இருவரும் மாற்றி மாற்றி அழிப்பதை நிறுத்துங்கள், உரையாடல் பக்கத்தில் பேசுங்கள், மீறினால் இருவரும் தடுக்கப்படுவீர்கள் என்று.

உரையாடல் பக்கத்தில் அன்பர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அழுதேன். "அன்பரே, ஆலயம் அனைவருக்கும் பொதுவானது. உள்ளூரார் சிலர் பொதுவழியை வெளியூர்ப் பக்தர்களிடமிருந்து மறைப்பது வருத்தத்திற்குரியது. தங்களுக்கு அப்படி எண்ணம் இராது என நம்புகிறேன்."

பக்கத்து வீட்டில் அக்கா இருக்கிறார். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அந்தப் பாதையில் போனவர் அவருடைய புருசன். சத்தம் கேட்டு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"ஏன்டி, போன்ல இருக்கிற ஆளுக்கெல்லாம் அழுதா கண்ணு என்னத்துக்கு ஆகும்? யாரு அந்த அன்பரா?"

"வழிய மறைக்கிறோம்னு எழுதியிருக்காருக்கா."

"ஆமா, மறைக்கத்தான் செய்யுறோம். துணி கட்டி மறைக்கிறோம். அவருக்குக் கண்ணாடி போடச் சொல்லு."

"அவரு நல்லவருக்கா. நல்லது செய்யுறோம்னுதான் செய்யுறாரு."

"நல்லவனாலதான்டி பயம். கெட்டவன்னா நாலு திட்டுத் திட்டுனா போயிருவான். நல்லவன் திரும்பத் திரும்ப வருவான்."

நிர்வாகி என்னைத் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். எழுதிப் பேர் வாங்க எனக்கு ஆசையில்லை. ஆனால் நானும் இல்லாமல் போனால் அந்த வரியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆடி வேறு பிறக்கப்போகிறது. ஆடி வெள்ளிக்கு வெளியூரிலிருந்து வேனில் வருவார்கள். எங்கள் பக்கம் பலாப்பழம் தீராத காலம் அது. பழ வாசனைக்குப் பெரியவர் அந்தப் பாதையிலேயே படுத்துக் கிடப்பார்.

முதல் ஆடி வெள்ளி. பைப்படியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு புருசன் பெண்டாட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, போனைப் பார்த்துப் பார்த்து நேரே ஓக் மரத்தடிக்குப் போனார்கள். அந்தப் பெண் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் குனிந்து அதற்கடியில் நுழையப் போனாள். குடம் நிரம்பி வழிகிறது, நான் நிற்கிறேன். அக்காதான் கொழுந்துக் கூடையோடு மேலிருந்து ஓடிவந்தார்.

"தங்கச்சி, தங்கச்சி! அந்தப் பக்கம் இன்னைக்கு ஆத்தா லீவு! டூட்டியெல்லாம் ரோட்டுப் பக்கந்தான்!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். புருசன் மட்டும் போனை நீட்டி, "இதுல இதுதான் வழின்னு போட்டிருக்குங்களே" என்றான்.

"போன்ல போட்டவருக்கு முழங்கால் இல்ல தம்பி. புள்ளைய வெச்சிக்கிட்டு ஏறாதீங்க. அந்தா ரோடு."

அவர்கள் ரோட்டில் ஏறிப்போனதும் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எழுதுடி. என்னான்னு எழுது. பேரச் சொல்லியே எழுது. எங்க ஊட்டு ஆளு பேரச் சொல்லாமத்தான் போச்சு. சொன்னா மட்டும் புதுசா என்ன வந்துரும்?" என்றார்.

அன்று மத்தியானம் குளித்து, கற்பூரம் ஏற்றி, "தாயே, நானா அவரைக் கூப்பிடல, உன் புள்ளைங்க சாகக்கூடாதுன்னுதான் எழுதுறேன்" என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இது யானை வழி. மஞ்சள் துணி வழி அடைத்ததற்கு அடையாளம். எங்கள் வீட்டில் ஒருவர் இதில் இறந்திருக்கிறார். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான் எழுதினேன். எழுதியபிறகு வெளியில் வாழைமரம் அசைந்தால்கூடத் திரும்பிப் பார்த்தேன். அக்கா வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசலில் நின்றேன். நான் பேரை எழுதிவிட்டேனே, வந்து எங்கே நிற்பாரோ, யார் மேலே கைவைப்பாரோ என்று ஒரே நினைப்பு.

அன்பர் பதில் எழுதினார். இழப்புக்கு வருத்தம் சொன்னார். பிறகு எழுதினார், சொந்த அனுபவத்தை இங்கே சான்றாக ஏற்க விதி இல்லை அன்பரே, திருவிழாவில் பச்சைக் குழந்தைகளோடு மக்கள் நடந்ததை நானே கண்டேன் என்று. விதியைப் பற்றி அவர் சொன்னது சரிதான், பயிற்சியிலும் அப்படித்தான் சொன்னார்கள். கடைசி வரிதான் என்னைக் கொன்றது. "ஐயம் தீர, வரும் வெள்ளியன்று நானும் துணைவியாரும் வந்து அப்பாதையில் மீண்டும் நடந்து, காணொளி எடுத்து இணைக்கிறோம். அன்னை துணையிருப்பாள்."

வராதீர்கள் என்று எழுதினேன். வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், லைனில் தையல்காரம்மா வீடு என்று கேளுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. அவருடைய போன் நம்பர் எனக்குத் தெரியாது, ஊரில் அவர் வீடு எதுவென்றும் தெரியாது. உலகத்தில் அவரோடு பேச எனக்கிருந்த ஒரே இடம் அந்த உரையாடல் பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார். விடிந்ததிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஓக் மரத்தடியில் நின்றோம். பஸ் வந்தது, போனது. இறங்கியவர்கள் எல்லாம் தெரிந்த முகம். பனி விலகவில்லை. வெயில் வருகிற நேரத்துக்கு என் வீட்டுக்காரர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அவருதான் வயசானவராச்சே. ஏறுவாரா? கார்ல ரோட்டு வழியா கோயிலுக்குப் போயிட்டு, மேலருந்து எறங்குவாரு."

பூசாரிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூசை நேரம், எடுக்க மாட்டார். "நான் ரோட்டு வழியா மேல ஓடுறேன், நீங்க இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மேலே பாதைக்குள்ளிருந்து ஆண் குரல் கேட்டது. அம்மன் பாட்டு. நல்ல குரல், நிதானமாக, ராகத்தோடு பாடிக்கொண்டே இறங்கி வருகிறார். பனிக்குள் ஆள் தெரியவில்லை. அந்தக் குரலுக்கும் எங்களுக்கும் நடுவில், புதருக்குள், ஒரு கிளை முறிந்தது. சின்னக் கிளை இல்லை. அப்புறம் சோற்றுப்பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு உறுமல். அக்கா என் கையைப் பிடித்தார்.

கத்த வாய் எடுத்தேன். அக்கா என் வாயைப் பொத்தினார். "கத்தாத. கத்துனா மேல திரும்பும். மேல அவரு."

கத்தவும் முடியாது. சும்மா இருந்தால் அவரே பாடிக்கொண்டு வந்து முட்டுவார். போனை எடுத்து உரையாடல் பக்கத்தைத் திறந்தேன். எழுத்து எழுத்தாக அடித்தேன். "அன்பரே அங்கேயே நில்லுங்கள். பாடாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருக்கிறது. மெதுவாகத் திரும்பிப் போங்கள்." அனுப்பு என்பதை அழுத்தினேன். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மரத்தடியில் சிக்னல் எப்போதும் போகும் வரும். வட்டம் சுற்றுகிறது. பாட்டு வருகிறது. அக்கா வாய்க்குள்ளே எதையோ சொல்லிக்கொண்டு நின்றார். அம்மனையா, அவருடைய புருசனையா, யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

பாட்டு பாதியில் நின்றது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பனிக்குள் அந்த அமைதி இருக்கிறதே, அதை எனக்கு எழுத வராது. நான் போனைப் பார்த்தேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. என் செய்தி போகவே இல்லை. அப்படியானால் பாட்டு ஏன் நின்றது? நான் பேரை எழுதியதால் ஒரு மனுசன் செத்துவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்படியே கீழே உட்கார்ந்தேன். புதர் அசைந்து, அசைந்து, ஓடைப்பக்கம் இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் அங்கிருந்து நகரவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ ஒரு வெள்ளைக் கார் ரோட்டு வழியாக லைனுக்கு இறங்கி வந்தது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் ஒரு வயசான அம்மாவும், வேட்டியெல்லாம் ஈரமாக ஒரு வயசான ஐயாவும். கதவைத் திறந்துவிட்டும் அவரால் இறங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அந்த அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தவர். ஒரு திருப்பத்தில் நின்று, "எனக்கென்னமோ மனசுக்கு ஆகலீங்க. பாட்ட நிறுத்திட்டு வாங்க, போயிரலாம்" என்று அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் கோபமாகத் திரும்பிப் பார்த்தபோது கீழே பனிக்குள் ஒரு முதுகு நகர்ந்ததாம். பிறகு பேச்சில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். எதிரே என் வீட்டுக்காரர் ஓடிவந்திருக்கிறார். அந்த அம்மாவின் மனசில் அதைச் சொன்னது யார் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஆத்தாளுக்கு மாவிளக்குப் போட்டேன்.

அன்பர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். அக்கா வாசலில் நின்றபடி கேட்டார்.

"வழி எளிதா இருந்துச்சுங்களா ஐயா?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சம்சாரம்தான் சிரித்து, "இன்னும் நல்லாக் கேளுங்கம்மா. ஊட்டுல நான் சொன்னா இவரு சான்று கேப்பாரு" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் அவர் என்னைப் பார்த்து, மெதுவாக, "ஏனுங்கம்மா, மொதல்ல வேண்டாம்னு மட்டும் எழுதுனீங்களே. ஏன்னு எழுதியிருக்கலாமுங்களே" என்றார்.

"நாங்க பேர் சொல்றதில்லைங்கய்யா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு அது தெரியாதுங்கம்மா" என்றார். எனக்கும் அவரைத் தெரியாதே. ஒரு சொல்லை எழுதப் பயந்து நான் ஒற்றை வார்த்தையில் நிறுத்தியதை, வெளியூர்க்காரனைத் தடுக்கிற வார்த்தையாக அவர் படித்திருக்கிறார். தடுக்கத் தடுக்க அவருக்குப் பக்தி கூடியிருக்கிறது.

சான்று என்ற விசயத்தை அவரேதான் தீர்த்தார். போகிற வழியில் ரோட்டு வளைவில் காரை நிறுத்தி, புல் மூடிக் கிடந்த வனத்துறைப் பலகையைக் கையால் துடைத்துப் படம் எடுத்தார். யானைகள் கடக்கும் பகுதி என்று அதில் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் கடைக்குப் போகிறேன். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே அவர் அந்த வரியையும் அம்புக்குறிப் படத்தையும் எடுத்துவிட்டு, பாதை திருவிழா நாளுக்கு மட்டும் என்றும், துணி கட்டியிருந்தால் உள்ளே போகக்கூடாது என்றும், பலகையைச் சான்றாகக் காட்டி எழுதினார். நிர்வாகியிடம் சொல்லி, புதியவர்கள் அந்தப் பக்கத்தை மாற்ற முடியாதபடி பூட்டும் போடவைத்தார்.

இதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த வெள்ளி இரண்டு பைக்கில் பையன்கள் வந்து நின்று, "அக்கா, மஞ்சத் துணி கட்டுன ஷார்ட்கட் எங்க இருக்கு?" என்றார்கள்.

கலைக்களஞ்சியத்தில் எழுதுவதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பயிற்சியில் பெருமையாகச் சொன்னார்கள். அப்படி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கோயில் சுற்றுலா என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஆன்மிகப் பயணம் என்று இன்னொன்றில். ஒரு வீடியோவில் ஒரு பெண் குரல் அந்த வரியை அப்படியே வாசிக்கிறது. அங்கெல்லாம் உரையாடல் பக்கம் கிடையாது. நான் போய் எடுக்கவும் முடியாது. அன்பர் ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். எடுத்தவர்கள் கொஞ்சம், பதிலே போடாதவர்கள் நிறைய. "என் கையால எழுதுனதுங்கம்மா, தூக்கம் வரலீங்க" என்று இப்போது போனில் அடிக்கடி பேசுகிறார். அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வருவதில்லை. நானும் அதே பயத்தில்தான் இருக்கிறேன்.

அதனால் விசேச நாட்களில் மிஷினை மூடிவிட்டு ஓக் மரத்தடியில் போய் நிற்கிறேன். அக்கா கொழுந்து எடுக்கிற மலையிலிருந்து ஒரு கண் வைத்திருப்பார். வருகிறவர்களை ரோட்டுக்கு அனுப்புகிறேன். காரணத்தையும் இப்போதெல்லாம் பேர் சொல்லியே சொல்கிறேன். நம்புகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், போனைக் காட்டுகிறார்கள், சரிங்கம்மா என்று ரோட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, நான் நகர்ந்துவிட்டேனா என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அப்படிப் போனவர்கள் சாயங்கால பஸ்ஸுக்கு இறங்கி வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் எனக்கு வீட்டுக்குள் போய் உலை வைக்க மனசு வருவதில்லை.